கோயில்வள்ளம்

நோர்வேயின் வடகோடியில், மரமென்று ஒன்று முளைக்க மறுத்த கடலோரத்தில், ஸ்கார்வோய் என்று ஒரு மீன்பிடி ஊர் இருந்தது; அந்த ஊருக்கு ஒரு வெள்ளை மரக்கோயில் இருந்தது; அந்தக் கோயிலுக்கென்று ஒரு சொல் இருந்தது; அந்தச் சொல்லுக்குரிய பொருள்தான் ஊரில் இல்லாமற் போயிருந்தது. ஷிர்க்கெபோத் என்பது அந்தச் சொல். ஷிர்க்கெ என்றால் கோயில், போத் என்றால் வள்ளம், அந்த நாட்டுக்காரர் இரண்டு சொல்லைச் சேர்த்தால் நடுவில் ஊசி நுழைய இடம் விடமாட்டார்கள், ஆகவே அது கோயில்வள்ளம். தெரு இல்லாத காலத்தில் குடாவைச் சுற்றிச் சிதறிக் கிடந்த வீட்டுக்காரர் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே நீண்ட வள்ளத்தில் தண்டு வலித்துக் கோயிலுக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு தண்டு, வீட்டுக்கு ஓர் இருக்கை, வீட்டுக்காரன் காய்ச்சலில் கிடந்தாலும் அவன் இடத்தில் வேறொருவன் குந்துவதில்லை. பிறகு தெரு வந்தது, பஸ் வந்தது, கார் வந்தது. வள்ளம் கொட்டிலில் கிடந்து உக்கியது, உக்காமல் மிஞ்சிய பலகையை யாரோ அடுப்பில் வைத்தார்கள். சொல் மட்டும் உக்கவில்லை.

எமல்டா அந்தச் சொல்லைப் படித்தது கோயிலின் கீழறையில், வெளிநாட்டுக்காரருக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் வகுப்பில். சொல்லிக்கொடுத்தவர் அந்தக் கோயிலின் பாதிரியார் மாரித், ஒரு பெண். பெண்ணொருத்தி பீடத்தில் நிற்பதைக் கண்டு எமல்டா முதல் மாதம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், இரண்டாம் மாதம் ‘சுவாமியம்மா’ என்று கூப்பிடத் தொடங்கினாள், அதோடு பழகிப்போயிற்று. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரையிலிருந்து வந்து அங்கே மீன் பக்டரியில் வேலை செய்த வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. கத்தோலிக்கக் குருவானவர் எப்போதாவது ஒருமுறை கப்பலில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் அவர்கள் லூத்தரன் கோயிலுக்குப் போனார்கள், பாதி ஆண்டவருக்காக, பாதி ஆராதனை முடிந்து கொடுக்கும் கோப்பிக்காக.

“இந்தச் சொல்லின் இரண்டு பாதியுமே இந்த ஊர்க்காரர் இல்லை,” என்றார் மாரித், கரும்பலகையில் சொல்லை நடுவில் கோடிட்டுப் பிரித்து. “ஷிர்க்கெ கிரேக்கரிடம் பிறந்தது. ஆண்டவருடையது என்று அர்த்தம். வாய்மாறி வாய்மாறி இங்கிலாந்துக் கரைக்கு வந்து, அங்கிருந்து கடல் தாண்டி எங்களிடம் வந்தது. போத் என்ற சொல்லும் அதே கரையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே வந்த பிறகுதான் இரண்டும் ஒட்டிக்கொண்டன.”

“அப்ப ரெண்டும் எங்களைப்போலத்தான்,” என்று எமல்டா பக்கத்திலிருந்த சிநேகிதி திரேசம்மாவின் காதில் சொன்னாள். “வள்ளத்தில வந்திறங்கி, இஞ்ச வந்து கலியாணம் முடிச்சதுகள்.” அன்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் எமல்டாவுக்கு வந்திறங்காத ஒரு வள்ளத்தின் ஞாபகம் வந்தது.

எமல்டாவின் புருசன் வஸ்தியான், யுத்தகாலத்து ஒரு விடியற்காலையில், கன்னத்துக்குள் ஒரு பனங்கட்டித் துண்டை ஒதுக்கிக்கொண்டு பாலில்லாத பிளேன்ரீயைக் குடித்துவிட்டுக் கடலுக்குப் போனவன். வரவில்லை. அவனும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை, ஒரு பலகையோ ஒரு முழ வலையோ கரை ஒதுங்கவில்லை. என்ன நடந்ததென்று கடலுக்குத்தான் தெரியும், கடல் யாருக்கும் பதில் சொல்கிற சாதியில்லை. மாமியார் ஆத்துமப் பூசை கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு செத்தும் போனாள். “செத்தவைக்குத்தான் மாமி அந்தப் பூசை. உங்கட மகன் செத்ததை ஆர் கண்டது?” என்பதுதான் எமல்டாவின் ஒரே பதில். அதே பதிலைத்தான் த்ரொம்சோவில் தாதியாக இருக்கும் மகள் ஜொய்சிக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பூசை கொடுத்தால் அவன் செத்தவன், கொடுக்காதவரை வராதவன். இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த ஒடுங்கின இடத்தில்தான் அவள் இத்தனை காலம் குடியிருந்தாள்.

கல்லறைத் திருநாள் வரும்போது ஊரில் என்றால் சவக்காலைக்குப் போய்ப் புல்லுப் பிடுங்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, செத்தவரைப் பேர்சொல்லிக் கூப்பிட வேண்டும். ஸ்கார்வோயில் அவர்களுக்குக் கல்லறை ஏது? ஆகவே பாசையூர்ச் சனம் ஆளுக்கொரு அநாதைக் கல்லறையைத் தத்தெடுத்துக்கொண்டது. திரேசம்மா ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை எடுத்தாள். எமல்டா எடுத்தது மதிலோரத்தில் சாய்ந்து நின்ற ஒரு கல்லை, அதில் ‘பெயர் தெரியாத மாலுமி’ என்று மட்டும் வெட்டியிருந்தது. கரை ஒதுங்கிய யாரோ ஓர் அந்நியன். இது அவள் மனதுக்குள் செய்துகொண்ட ஒரு பண்டமாற்று: நான் இவனுக்குக் கொளுத்துகிறேன், என்னுடையவர் எங்கேயாவது கிடந்தால் அந்த ஊர்க்காரி ஒருத்தி அவருக்குக் கொளுத்தட்டும்.

அந்த வருசம் காற்று பேய்க்காற்று. மற்றவர்களுடைய மெழுகுதிரி எல்லாம் நின்று எரிய, எமல்டாவுடையது மட்டும் நூர்ந்து நூர்ந்து போயிற்று. குச்சிக்கு மேல் குச்சி கிழித்தாள். கையால் மறைத்தாள், தொப்பியால் மறைத்தாள், மாதாவை மன்றாடினாள். பெட்டியில் கடைசிக் குச்சி மிஞ்சியபோது, பேர்சொல்லிக் கூப்பிடாததால்தான் நிற்கவில்லை, பாவம், இவனுக்குக் கூப்பிட ஒரு பேர் இல்லையே என்று அவளுக்குப் பட்டது. கூப்பிட்டாள்.

“வஸ்தியான்.”

சுடர் ஆடாமல் நின்றது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் தேயும் என்று வளர்க்கப்பட்டவள். படிவம் நிரப்பும் கந்தோரில்கூடக் கையால் எழுதித்தான் காட்டுவாள், வீட்டில் அவனுக்கு அவள் வைத்த பெயர் ‘இஞ்சேருங்கோ’ ஒன்றுதான். முதல்முதலாகச் சொன்ன பெயரை ஒரு வெள்ளைக்காரப் பிரேதத்துக்கு இரவல் கொடுத்துவிட்டு, இரவல்தானே, திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நவம்பர் கடைசியில் அந்த ஊரில் சூரியன் போய்விடும், போனால் ஜனவரி கடைசியில்தான் வரும். சூரியன் போன முதல் ஞாயிறு, காலை பதினொரு மணிக் கருக்கலில், கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, வள்ளம் வந்தது. நீண்ட வள்ளம். தண்டுகள் ஒன்றாக விழுந்தன, ஒன்றாக எழுந்தன, ஆனால் தண்ணீர்ச் சத்தம் இல்லை. குடாவில் மூழ்கியவர், மீன்பிடிக்கப் போய் மீளாதவர், குளிரில் விறைத்தவர் எல்லாரும் அவரவர் இருக்கையில் அவரவர் தண்டோடு இருந்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஒத்வார் என்கிற முசுட்டு மனிதர் லாந்தரை எடுத்துக்கொண்டு துறைமேடைக்குப் போனார், பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

“பிந்திவிட்டார்கள்,” என்றார்.

அவ்வளவுதான். சொல் இருக்கிறதே, பொருள் வரத்தானே வேண்டும், நூறு வருசம் பிந்தியிருக்கிறது, கடற்பயணம் அப்படித்தான் என்பது அந்த ஊரின் நினைப்பு. ஒத்வார் லாந்தரை உயர்த்திப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். பெயர்கள் அவருடைய வாயில் தாமாக வந்தன. கூப்பிடப்பட்டவர் இறங்கினார், கூப்பிடப்படாதவர் இறங்கவில்லை. இறங்கியவர்கள் கோயிலுக்குள் போய்த் தங்கள் பழைய வாங்குகளில் அமர்ந்தார்கள், அங்கே இருந்த உயிருள்ளவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த வாங்குக்கு நகர்ந்தார்கள். மாரித் ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்றைய பிரசங்கம் மறுமையைப் பற்றியது, அந்தப் பகுதியைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார் என்று பிறகு சொன்னார்கள்.

பிரச்சினை எல்லாம் கோப்பி நேரத்தில்தான் வந்தது. செத்தவர்களின் உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்ததால் பக்டரியிலிருந்து றப்பர் விரிப்புகள் கொண்டுவந்து போட்டார்கள். செத்தவர்கள் கோப்பியைக் குடிப்பதில்லை, ஆவியை மட்டும் மோந்துவிட்டுக் கிண்ணத்தை வைத்துவிடுவார்கள் என்று கண்டுபிடித்த பிறகு, அந்தக் கோப்பியை ஊற்றுவதா உயிருள்ளவர் குடிப்பதா என்று கோயிற்சபை கூடிப் பேசியது. வாஃபிள் சுடும் பெண்களுக்கும் பாசையூர்ப் பெண்களுக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வந்தது, ஏனென்றால் செத்தவர்கள் வாஃபிளை விட்டுவிட்டுத் திரேசம்மா மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸ் தட்டைச் சுற்றியே நின்றார்கள்.

“ஊரிலையெண்டால் பேயெண்டு கத்திக்கொண்டு ஓடியிருப்பம்,” என்றாள் திரேசம்மா, தட்டை நீட்டியபடி. “இஞ்ச இந்தக் குளிருக்க எங்கயெண்டு ஓடுறது? எடுங்கோ ஐயா, எடுங்கோ, சூடு ஆறமுன்னம் மோந்து பாருங்கோ.”

அந்த முதல் ஞாயிற்றிலேயே ஒத்வார் கடைசியாகக் கூப்பிட்ட பெயர் எமல்டாவின் காதில் விழுந்திருந்தது. வஸ்தியான். அந்தப் பெயர் தன் வாயில் எப்படி வந்ததென்று ஒத்வாருக்கும் விளங்கவில்லை. நீலக் கம்பளிச் சட்டையும் செம்பட்டைத் தாடியுமாக ஒரு நெடிய மாலுமி “ஓம்” என்று பெயருக்குப் பதில் சொல்லி இறங்கினான், நேரே வந்து எமல்டாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தான். எமல்டாவுக்கு உடனே விளங்கிவிட்டது. “பிழை விட்டிட்டன், மாதாவே,” என்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் பயமுறுத்த ஒன்றுமில்லை. இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தவனை யாரோ ஒருத்தி பேர்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள், வந்துவிட்டான்.

எல்லாரும் இறங்கிய பிறகும் வள்ளத்தில் ஒருவன் மிஞ்சியிருந்தான். கடைசித் தண்டில், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து.

“அவன் இறங்கவில்லையா?” என்று எமல்டா கேட்டாள்.

“கூப்பிடப் பெயர் வரவில்லை,” என்றார் ஒத்வார். “வள்ளத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவன் வேண்டும்.”

காவலுக்கு இருப்பவனுக்கும் ஒரு கோப்பி கொடுக்காமல் விடுவது பாசையூரில் வழக்கமில்லை. எமல்டா ஒரு கிண்ணத்தில் கோப்பி ஊற்றி, ஓரத்தில் இரண்டு சீனிக்கட்டி வைத்து, பக்கத்திலிருந்த மாலுமியிடம் கொடுத்தனுப்பினாள். கிண்ணம் திரும்பி வந்தபோது கோப்பி அப்படியே இருந்தது, சீனிக்கட்டி ஒன்றைக் காணவில்லை, மற்றது ஓரத்தில் கடிபட்டிருந்தது. அந்த ஊர்ப் பழைய ஆட்களும் சீனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு கோப்பி குடிக்கிறவர்கள்தான். ஆகவே அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அனுப்பினாள், சீனி மட்டும் குறைந்து குறைந்து வந்தது.

வரவர மாலுமிக்கு அந்தப் பெயர் ஊறத் தொடங்கியது. ஒரு ஞாயிறு மேசையை விரல் முட்டியால் தட்டினான், வஸ்தியான் சோற்றுக்குக் காத்திருக்கும்போது தட்டுகிற அதே தட்டு. இன்னொரு ஞாயிறு அவனுடைய கணுக்காலில் திருக்கை முள்ளுக் குத்தின தழும்பு இருந்தது. பிறகு மூக்கால் ஒரு பாட்டை முனகினான், அது பாசையூர் அந்தோனியார் கோயில் கொடியேற்றப் பாட்டு. எமல்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் அடுத்த ஞாயிறு அவள் அலுமாரியிலிருந்து நல்ல சீலையை எடுத்தாள். தனக்கு என்ன வந்ததென்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“என்னடி, மாப்பிள்ளை பாக்கப் போறியோ?” என்று திரேசம்மா பகிடி பண்ணினாள். எமல்டா சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கோயிற்சபை நல்ல மனதோடு ஒரு தீர்மானம் எடுத்தது. மாரித் கேக்கும் கையுமாக வீட்டுக்கு வந்தார். “பெயர் இல்லாத ஒருவனுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது,” என்றார், கண் கலங்க. “அதைக் கல்லில் வெட்டிவிடலாம் என்று எல்லாரும் விரும்புகிறோம். ஆனால் வெட்டிவிட்டால் அது அவனுடையது, எமல்டா. பிறகு திருப்பி எடுக்க முடியாது. சூரியன் வருகிற ஞாயிறோடு வள்ளம் போய்விடும் என்கிறார் ஒத்வார். கொடுப்பதா இல்லையா என்பதை அதற்கு முன்னம் அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.”

இரவு ஜொய்சி தொலைபேசியில் கத்தினாள். “அம்மா, அந்தாள் அப்பா இல்லை.”

“எனக்குத் தெரியாதே, பிள்ளை?”

“பிறகென்னத்துக்கு யோசிக்கிறீங்கள்?”

“ஒரு கல்லாவது கிடைக்குமெல்லே,” என்றாள் எமல்டா. “போய் இருந்து அழுறதுக்கு எனக்கெண்டு ஒரு இடம்.”

ஓமென்றால் புருசனின் பெயர் ஓர் அந்நியனோடு மண்ணுக்குள் போகும், வஸ்தியான் எங்கே கிடந்தாலும் இனிப் பெயரில்லாமல் கிடப்பான். இல்லையென்றால் இந்த அப்பாவி மறுபடி பெயரில்லாதவனாகப் போவான், அவளும் மறுபடி அந்த ஒடுங்கின இடத்துக்கே போவாள்.

சூரியன் திரும்புகிற நாளில் அந்த ஊரில் எல்லாரும் கையில் ஜாம் வைத்த பணிஸோடு கடற்கரையில் நிற்பார்கள். அன்றைக்கு ஆராதனை முடிந்து, கோப்பி ஆவி மோந்து முடிந்து, செத்தவர்கள் ஒவ்வொருவராக வள்ளத்தில் ஏறினார்கள். தெற்கு மலைவிளிம்பு மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மாலுமி கடைசிவரை எமல்டாவின் முகத்தைப் பார்த்து நின்றான், அவள் வாய் திறக்கவில்லை, அவன் தலையைக் குனிந்துகொண்டு போய் ஏறினான். வள்ளம் துறையை விட்டு அசைந்தது. அதைக் கண்டதும் எமல்டாவுக்குள் ஏதோ அறுந்தது. ஓமோ இல்லையோ, ஒன்றும் சொல்லாமல் ஒரு மனிசனைக் கடலுக்கு அனுப்புகிற பாவத்தை மட்டும் செய்யக்கூடாது என்று, கையில் வெறுங்கிண்ணத்தோடு, சீலை தடக்கத் துறைமேடையில் ஓடினாள். அவனைக் கூப்பிட அவளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

“வஸ்தியான்!”

இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒருவன் மாலுமி. மற்றவன் கடைசித் தண்டில் இருந்தவன், ஒரு ஞாயிறும் முகம் காட்டாதவன். தன் பெயரைத் தன் மனிசியின் வாயால் கேட்ட திகைப்பு அவன் முகத்தில் இருந்தது. ஒரு கன்னம் உப்பியிருந்தது, உள்ளே சீனிக்கட்டி.

எமல்டா பார்த்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வந்திருக்கிறான். பாசையூரிலிருந்து இந்தக் குளிர்த் தேசம்வரை வலித்து வலித்து வந்து, இறங்குகிற நேரம் தன் பெயருக்கு வேறொருவன் ஓம் சொல்லி இறங்கிப்போக, கூப்பிடப் பெயரில்லாமல் வள்ளத்தைக் காத்துக்கொண்டு குந்தியிருந்திருக்கிறான். அவள் பத்தடி தூரத்தில் நல்ல சீலை உடுத்திக்கொண்டு இன்னொருவனுக்குக் கோப்பி ஊற்றியிருக்கிறாள். “ஐயோ, இறங்குங்கோ, இறங்குங்கோ!” என்று கத்தினாள். வள்ளம் நிற்கவில்லை. மாலுமி அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், விளங்கிக்கொண்டான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, இரவல் வாங்கிய பொருளைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் வஸ்தியானிடம் நீட்டினான். அப்போது மலைவிளிம்பில் சூரியன் நகக்கண் அளவுக்கு எட்டிப் பார்த்தது. வெளிச்சம் பட்ட தண்ணீரில் ஒன்றுமில்லை.

எமல்டா துறைமேடையில் விழுந்து அழுதாள். அவன் கடலுக்குப் போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையையும், மார்பில் அடித்து, ஒப்பாரியாகவே அழுதாள். அவர் செத்துப்போனார், என்னவர் செத்துப்போனார் என்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லி அழுதாள். பணிஸோடு நின்ற சனம் சூரியனைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றது. ஒத்வார் ஒருவரிடமும் கேளாமல் போய்ச் செத்தவருக்கு அடிக்கிற மணியை அடித்தார்.

கப்பலில் குருவானவர் வந்தபோது எமல்டா ஆத்துமப் பூசை கொடுத்தாள், ஜொய்சி த்ரொம்சோவிலிருந்து வந்து பக்கத்தில் முழந்தாளிட்டாள். மாலுமியின் கல்லில் ‘சூசை’ என்று வெட்டச் சொன்னாள். தன்னுடையது அல்லாததைத் தன்னுடையதுபோலத் தாங்கினவர் மாதாவின் புருசன் சூசையப்பர், அவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்று மாரித்துக்கு விளங்கப்படுத்தினாள். கோயிற்சபை அதையும் நல்ல மனதோடு ஏற்றுக்கொண்டது.

கோடை வந்தது, இரவே இல்லாத வெளிச்சம் வந்தது, ஊரெல்லாம் முற்றத்தில் இறைச்சி சுட்டது. எமல்டா ஜன்னல்களுக்குத் தடித்த சீலை போட்டுக்கொண்டு இருட்டுக்குக் காத்திருந்தாள். சூரியன் கடைசியாக மறைந்த அன்று ஊர் அலுத்துக்கொண்டு விளக்கைப் போட்டது. அவள் யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்புவித்த பனங்கட்டியை உடைத்தாள்.

அந்த ஞாயிறு வள்ளம் வந்தது. ஒத்வார் லாந்தரை உயர்த்திப் பெயர்களைக் கூப்பிட்டார், சூசை என்றபோது செம்பட்டைத் தாடிக்காரன் ஓம் சொல்லி இறங்கி, எமல்டாவுக்குத் தலை வணங்கிவிட்டு, நேரே திரேசம்மாவின் பற்றிஸ் தட்டுக்குப் போனான். அடுத்த பெயருக்கு வாய் திறந்த ஒத்வாரை எமல்டா கையமர்த்தினாள். அது அவள் சொல்லக்கூடாத பெயர், இனி வேறெவருக்கும் கொடுக்கவும் மாட்டாத பெயர். ஆவி பறக்கும் பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியுமாகத் துறைமேடையின் நுனிக்குப் போனாள். செருமிக்கொண்டாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள்.

வள்ளத்தில் இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒரே ஒருவன் திரும்பிப் பார்த்தான்.